இ-டைப் வாங்கப் போகிறேன்: நம்பர் எல்லாம் ஒத்துப்போனால் ஒரிஜினல் என்று நம்பலாமா?

மழைநாள்_ஓட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப காலமாகப் படங்களில் மட்டும் பார்த்து ஏங்கிய வண்டி ஒன்று இப்போது விலைக்கு வந்திருக்கிறது. 1966 ஜாகுவார் இ-டைப், முதல் சீரிஸ், 4.2 லிட்டர், ஓப்பன் டாப். சிவப்பு நிறம், வலது கை ஸ்டியரிங். முழுக்கப் பிரித்து வேலை பார்த்த வண்டி. அந்த வேலையைச் செய்தது இப்போது விற்பவர் இல்லை, அவருக்கு முந்தைய உரிமையாளர்.

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. அதிலுள்ள சேசிஸ், என்ஜின், பாடி, கியர்பாக்ஸ் நம்பர்கள் நான்கும் வண்டியில் உள்ள தகட்டோடு ஒத்துப்போவதைத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினார். "மேட்சிங் நம்பர்ஸ் வண்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார். கண்ணைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், பிரிக்கத் தெரியாது. நிபுணர் ஒருவரைக் கூட்டிப் போகத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் நானே போய்ப் பார்க்க விரும்புகிறேன். எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில்?

ஈயமும்_டார்ச்சும்:

இந்த வண்டிகளின் பாடி வேலையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். பெரும்பாலும் மற்றவர்கள் வாங்கிவிட்டுக் கொண்டுவந்து, "இது என்ன வண்டி என்று சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பே கேட்கிறீர்கள். நல்லது.

முதலில் அந்தச் சான்றிதழ். அதில் பொய் எதுவும் இருக்காது. தொழிற்சாலைப் பேரேட்டில் உள்ளதைப் பார்த்து எழுதிக் கொடுப்பது. எப்போது தயாரானது, வெளியே என்ன நிறம், உள்ளே தோல் என்ன நிறம், எந்த விநியோகஸ்தருக்கு அனுப்பினார்கள் என்பது வரை இருக்கும். ஆனால் அது அந்தக் காலத்தில் ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கவென்ட்ரியை விட்டுப் போன ஒரு வண்டியைப் பற்றிய தாள். உங்கள் முன்னால் நிற்பதும் அதே வண்டிதானா என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. தகடும் அப்படித்தான். வெற்றுத் தகடு வாங்கி, சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நம்பரையும் அடித்து ரிவெட் வைப்பது ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. தகடும் தாளும் ஒத்துப்போகின்றன என்றால், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் தகட்டை விட்டுவிட்டு இரும்பில் அடித்த நம்பரைத் தேடுங்கள்.

இங்கேதான் இ-டைப்புக்கே உரிய ஒரு சிக்கல். இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. பல்க்ஹெட்டிலிருந்து (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவர்) பின்னால் எல்லாம் ஒரே தொட்டி போன்ற பாடி. முன்னால் என்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்குவது சதுரக் குழாய்களால் ஆன ஃபிரேம். ரெனால்ட்ஸ் 541 என்ற எஃகுக் குழாய். அது பல்க்ஹெட்டில் போல்ட் போட்டு மாட்டியது. அதன் முன்பகுதியில் படச்சட்டம் போல நிற்கும் குறுக்கு ஃபிரேமுக்குப் பெயரே "பிக்சர் ஃபிரேம்". சேசிஸ் நம்பர் அடித்திருப்பது அதில்தான். வலது பக்கம், ஷாக் அப்சார்பரின் மேல்முனை வந்து சேரும் இடத்துக்கு மேலே.

புரிகிறதா? வண்டியின் அடையாளமே ஸ்பேனர் போட்டுக் கழற்றக்கூடிய ஒரு பாகத்தில் இருக்கிறது.

அந்தக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். எனவே ஃபிரேம் மாற்றுவது சகஜம், குற்றம் இல்லை. புது ஃபிரேம் நம்பர் இல்லாமல் வரும், வேலை செய்பவர் பழைய நம்பரை அதில் அடிப்பார். ஒழுங்கான ஆள் நம்பர் உள்ள பழைய துண்டைத் தூக்கி எறிய மாட்டார், உரிமையாளரிடம் கொடுத்துவிடுவார். ஒழுங்கில்லாத ஆள் என்ன செய்வார்? அழிந்துபோன ஒரு வண்டியின் காகிதத்தையும் பிக்சர் ஃபிரேமையும் மட்டும் வாங்கி, வேறு ஏதோ ஒரு வண்டியின் பாடியில் மாட்டிவிடுவார். அங்கேயும் எல்லா நம்பரும் ஒத்துப்போகும்.

ஆகவே பானெட்டைத் திறந்ததும் (முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும்) முதலில் அந்த நம்பரைப் பாருங்கள். தொழிற்சாலையில் கையால் அடித்தவை. எழுத்துகள் லேசாகச் சாய்ந்தும், ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக இருப்பதும் இயல்பு. பயப்பட வேண்டியது அதற்கு இல்லை, சுற்றியுள்ள இரும்புக்கு. அரைத்த தடம் இருக்கிறதா? அந்த இடம் மட்டும் பக்கத்தைவிடப் பள்ளமாக இருக்கிறதா? அங்கே மட்டும் தடிமனான பெயின்ட்டா? நகத்தால் வருடிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்புவது நகத்துக்குத் தப்பாது. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள்.

என்ஜின் நம்பர் இரண்டு இடத்தில் இருக்கும். பிளாக்கின் (என்ஜினின் அடி உடம்பு) வலது பக்கத்தில் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒன்று, அதன் மேல் உட்காரும் ஹெட்டின் முன்முனையில் ஒன்று. 4.2 என்றால் 7இ என்று தொடங்கும். கடைசியில் கோடு போட்டு 8 அல்லது 9 என்று இருப்பது கம்ப்ரஷன் விகிதம். கியர்பாக்ஸ் நம்பர் அதன் இடது பின்மூலைத் தோளிலும் மேல்மூடியிலும். அதைப் பார்க்கக் கொஞ்சம் உடம்பை வளைக்க வேண்டும், வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள்.

இனி நான் உங்களைக் கேட்க வேண்டியவை. சேசிஸ் நம்பரின் தொடக்கம் என்ன? முழுதாகப் பொதுவில் எழுத வேண்டாம், முதல் நான்கு எழுத்து போதும், மொத்தம் எத்தனை இலக்கம் என்பதையும் சொல்லுங்கள். சான்றிதழில் ஸ்டியரிங் எந்தப் பக்கம், நிறம் என்ன?

காரணம் இருக்கிறது. 4.2 முதல் சீரிஸில் வலது கை ஓப்பன் டாப் 1இ1001 என்று தொடங்கும். இடது கை ஓப்பன் டாப் 1இ10001. வலது கை கூப்பே (நிலையான கூரை உள்ளது) 1இ20001, இடது கை கூப்பே 1இ30001. அதாவது ஓப்பன் டாப் வண்டியில் 1இ3 என்று தொடங்கும் ஐந்திலக்க நம்பர் இருந்தால், யாரோ கூப்பேயின் கூரையை அறுத்திருக்கிறார்கள். 1ஆர் என்று தொடங்கினால் அது இரண்டாம் சீரிஸ். பானெட்டை மாற்றி, கண்ணாடி மூடிய ஹெட்லைட் போட்டு முதல் சீரிஸ் வேஷம் கட்டுவது உண்டு. அப்படிச் செய்பவர்கள் டாஷ்போர்டை மறந்துவிடுவார்கள். உண்மையான முதல் சீரிஸில் நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் சுவிட்ச் வரிசை, பின்னால் வந்தவற்றில் தட்டையான ராக்கர் சுவிட்ச்.

பிளின்ட்_வி8:

இ-டைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது, நான் அமெரிக்க கார்வெட் வண்டி ஆள். ஆனால் "மேட்சிங் நம்பர்ஸ்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலர்ஜி. கார்வெட்டின் ஸ்மால் பிளாக் வி8-இல் என்ஜின் நம்பர் அடிப்பது வலது பக்க சிலிண்டர் வரிசையின் முன்னால் உள்ள ஒரு சிறு திட்டில். அது ஹெட் உட்காரும் அதே தளத்தில் இருப்பதால், என்ஜின் வேலையில் மேல்தளத்தைச் சீவினால் நம்பரும் சேர்ந்து போய்விடும். பிறகு திரும்ப அடிப்பார்கள். நாங்கள் நம்பரைப் பார்ப்பதற்கு முன் அந்தத் திட்டில் ஓடும் மெல்லிய இணைகோடுகளைத்தான் பார்ப்போம். தொழிற்சாலை இயந்திரம் விட்டுப்போன கோடுகள் அவை. கோடு இல்லாமல் நம்பர் மட்டும் இருந்தால் அந்த நம்பரை நாங்கள் மதிப்பதில்லை.

இன்னொன்று, தேதி. பிளாக்கில் வார்த்த தேதி தனியாக இருக்கும், என்ஜினைச் சேர்த்த தேதி திட்டில் அடித்த குறியீட்டில் இருக்கும். வார்த்தது முன்பு, சேர்த்தது பின்பு, வண்டி முடிந்தது அதற்கும் பின்பு. இந்த வரிசை குலைந்தால் கதை முடிந்தது. பிறந்த குழந்தையைவிடத் தாய்க்கு வயது குறைவு என்கிற மாதிரி வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்!

ஈயமும்_டார்ச்சும்:

பிளின்ட் சொன்ன தேதிக் கணக்கு இங்கேயும் நடக்கும். இ-டைப்பில் உள்ள எக்ஸ்கே என்ஜினில் நம்பர் பிளாக்கின் பக்கவாட்டில் இருப்பதால் மேல்தளத்தைச் சீவினாலும் பிளாக் நம்பர் போகாது. "என்ஜின் வேலையில் நம்பர் அழிந்துவிட்டது" என்று இ-டைப் விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

தேதிக்கு லூகாஸ் மின்சாமான்களைப் பாருங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். வண்டி தயாரான தேதிக்குச் சில வாரமோ சில மாதமோ முந்தியதாக இருந்தால் சந்தோஷம். எல்லாமே அப்படி இருக்காது, அறுபது வருட வண்டியில் ஸ்டார்ட்டர் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ஒன்றிரண்டாவது ஒத்துப்போக வேண்டும். 4.2 வண்டியில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தால் அதற்கு முந்தைய 3.8 லிட்டர் இ-டைப்பின் சாமான் கலந்திருக்கிறது. 3.8 கியர்பாக்ஸ் என்றால் ஓட்டும்போதே தெரியும். அதில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் பற்கள் உரசாமல் சேர வைக்கும் அமைப்பு) கிடையாது, 4.2-இல் எல்லா கியருக்கும் உண்டு.

சாம்பல்நிற_கூப்பே:

எல்லோரும் குற்றப் புலனாய்வு செய்கிறீர்கள். வண்டி ஓட்டத்தானே? நல்ல ஃபிரேம், நல்ல பிரேக், நல்ல என்ஜின் இருந்தால் யார் எப்போது நம்பர் அடித்தால் என்ன? நான் வைத்திருக்கும் கூப்பேயின் என்ஜின் ஒரு ஜாகுவார் செடானில் இருந்து வந்தது. வாங்கும்போதே தெரிந்துதான் வாங்கினேன். ஓட்டும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, பெட்ரோலுக்கும் தெரியவில்லை.

ஒரிஜினல் மோகம்தான் போலிகளையே உண்டாக்குகிறது. போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 மொத்தமே 1,580 வண்டிகள். அதன் அடையாளமான வாத்து வால் போன்ற பின் இறக்கையை ஒட்டிய 911 எத்தனை திரிகின்றன என்று பாருங்கள். அதில் நன்றாக ஓடுவதை ஓட்டிவிட்டுப் போகலாம்.

ஈயமும்_டார்ச்சும்:

கூப்பே சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. தெரிந்து வாங்கினேன் என்கிறார் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆர்எஸ் போலச் செய்த 911-ஐ "ஆர்எஸ் போலச் செய்தது" என்று விற்றால் நானும் வாங்குவேன். அந்த வண்டிகளில் அசலைக் கண்டுபிடிப்பது சுலபம், 1973 ஆர்எஸ் சேசிஸ் நம்பர் 911360 என்றுதான் தொடங்கும். இ-டைப்பில் ஏமாற்றுவது நம்பரை மாற்றி அல்ல, சரியான நம்பரைத் தப்பான உடம்பில் வைத்து. நாளை விற்கும்போதோ, பதிவு அலுவலகத்திலோ, காப்பீட்டிலோ அது கிளறப்பட்டால், ஓட்டிய இன்பம் எல்லாம் கணக்கில் வராது.

மழைநாள்_ஓட்டி:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளைச் சட்டை போடவில்லை, நன்றி.

சேசிஸ் நம்பர் 1இ11 என்று தொடங்குகிறது, 1இ-க்குப் பிறகு ஐந்து இலக்கம். சான்றிதழை வாங்கி நிதானமாகப் படித்தேன். இடது கை ஸ்டியரிங் என்றுதான் போட்டிருக்கிறது, நியூயார்க்குக்கு அனுப்பிய வண்டி. நிறம் ஓபலசென்ட் சில்வர் கிரே. கேட்டதற்கு, "ஆமாம், முன்னவர் வலது பக்கம் மாற்றினார், அதில் என்ன?" என்றார். தொலைபேசியில் இதைச் சொல்லவே இல்லை.

பிக்சர் ஃபிரேமில் எழுத்துகள் ரொம்பச் சுத்தம். ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி ஒரே ஆழம். அரைத்த தடம் இல்லை. ஃபிரேம் புதிது என்று ஒப்புக்கொண்டார். பழைய துண்டு முன்னவரிடம் இருக்கலாமாம், கேட்டுச் சொல்கிறாராம்.

பிளாக்கில் உள்ள என்ஜின் நம்பர் சான்றிதழோடு ஒத்துப்போகிறது, அடித்த விதமும் பழையதாகத் தெரிகிறது. ஆனால் ஹெட்டில் வேறு நம்பர். கியர்பாக்ஸ் சரி. டாகிள் சுவிட்ச், மூடிய ஹெட்லைட், மூன்று எஸ்யூ கார்பரேட்டர் எல்லாம் இருக்கின்றன. காந்தம் வைத்துப் பார்த்தேன், பின் ஃபெண்டர் கீழே வந்து சேரும் இடத்தில் ஒட்டவே இல்லை. பட்டியா? அங்கேதான் மனம் உடைந்தது.

ஈயமும்_டார்ச்சும்:

மனம் உடைய வேண்டாம். பின் ஃபெண்டர் கீழ்ப்பட்டையோடு சேரும் மூட்டை ஜாகுவார் ஈயம் உருக்கிப் பூசித்தான் மறைத்தது. ஈயத்திலும் காந்தம் ஒட்டாது, பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியும் அங்கே கன்னாபின்னாவென்று எண் காட்டும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ஈயம் கனமாக, அடங்கிக் கேட்கும். பட்டி வெறும் பிளாஸ்டிக் ஒலி தரும். தட்டியும் சந்தேகம் தீராவிட்டால் நிபுணர் பார்க்கட்டும். கதவின் நடுவிலோ பின் ஃபெண்டரின் வயிற்றிலோ காந்தம் விழுந்தால் அப்போது கவலைப்படுங்கள்.

ஹெட் வேறாக இருப்பதும் பெரிய விஷயம் இல்லை. பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். தண்ணீர் ஓடும் வழிகளில் அலுமினியம் அரித்துப்போகும், மாற்றியிருப்பார்கள். அதோடு "மேட்சிங் நம்பர்ஸ்" என்ற சொல் மட்டும் செத்தது. விலை பேச அது உங்களுக்கு உதவும்.

மீதி இருப்பது ஒரே கேள்வி. அந்த ஃபிரேமுக்குப் பின்னால் உள்ள பாடி சான்றிதழில் உள்ள வண்டியின் பாடிதானா? இதற்கு நம்பரைவிட நல்ல சாட்சி நிறம். வண்டி சாம்பல் நிறத்தில் பிறந்தது, இப்போது சிவப்பு. எவ்வளவு சுரண்டிப் பெயின்ட் அடித்தாலும் எங்கோ ஓர் இடுக்கில் பழைய நிறம் மிச்சம் இருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் பல்க்ஹெட்டின் உள்முகம், கதவு கீல் உட்காரும் குழி, ஸ்பேர் டயர் குழியின் மடிப்பு, பூட்டில் பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். சிவப்புக்கு அடியில் சில்வர் கிரே தெரிந்தால் எனக்கு நிம்மதி. வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் அன்றே கை கழுவுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் அமிலத்தில் முக்கி எடுத்த பாடியாக இருக்கலாம், அப்போது படங்கள் வேண்டும்.

பாடி நம்பர் அடித்த சிறு தகட்டையும் தேடுங்கள். ரிவெட் புதிதா பழையதா, அடியில் எத்தனை அடுக்குப் பெயின்ட் என்று பாருங்கள். சிவப்புப் பெயின்ட்டின் மேல் பளிச்சென்ற ரிவெட்டோடு உட்கார்ந்திருந்தால் அது சாட்சி ஆகாது.

வலது பக்கம் மாற்றிய வேலையை நிபுணர் தனியாகப் பார்க்க வேண்டும். பெடல் பெட்டியும் ஸ்டியரிங் தண்டும் பக்கம் மாறிய இடத்தில் பல்க்ஹெட் தகடு எப்படி அடைக்கப்பட்டது, வெல்டிங் எப்படி என்று. அது ஒரிஜினல் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

முன்னவரிடம் பழைய துண்டைக் கேட்கும்போதே, பிரித்தபோது எடுத்த படங்களையும் கேளுங்கள். இவ்வளவு செலவு செய்து பிரித்தவர் படம் எடுக்காமல் இருக்க மாட்டார்.

மழைநாள்_ஓட்டி:

படங்கள் வந்துவிட்டன. பழைய துண்டு இல்லை, ஆனால் துருப்பிடித்த பிக்சர் ஃபிரேம் வண்டியில் இருக்கும்போதே எடுத்த படம் இருக்கிறது. அதே நம்பர், கடைசி இலக்கம் லேசாகக் கீழே இறங்கி அடித்திருக்கிறது. அதே படத்தில் பல்க்ஹெட் சாம்பல் நிறம், மேலே சிவப்பு உரிந்து தொங்குகிறது. இடது கை ஸ்டியரிங்கோடு நிற்கும் படமும் உண்டு. இரண்டாம் முறை போனபோது பூட் பலகைக்குப் பின்னால் விரலளவு சாம்பல் நிறம் கண்டுபிடித்தேன். கீழ் மூட்டில் தட்டினேன், அடங்கித்தான் கேட்டது.

வாங்கலாம் என்று நினைக்கிறேன். விற்பவர் ஹெட் நம்பரைப் பற்றி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

ஈயமும்_டார்ச்சும்:

முறைக்கட்டும். படங்களைப் பிரதி அல்ல, கேமராவிலிருந்து வந்த கோப்பாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிபுணரின் பல்க்ஹெட் அறிக்கை வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பனைப் பத்திரத்தில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: இடது கையாகப் பிறந்து வலது கையாக மாற்றப்பட்டது, முன் ஃபிரேம் மாற்றப்பட்டு நம்பர் மறுபடி அடிக்கப்பட்டது, ஹெட் இந்த என்ஜினோடு வந்தது அல்ல. அவர் கையெழுத்துப் போட்டால் விலை பேசலாம். போட மறுத்தால், படத்தில் உள்ள வண்டியும் இதுவும் ஒன்றுதானா என்று நான் மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொல்வேன்.